மண் வைத்ததும் நிற்கிற கரண்ட் சக்கரம்: காயில் கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி (கரிகிரியிலிருந்து)

வணக்கம். எங்கள் நைனா வனைகிற கரண்ட் சக்கரம் மக்கர் செய்கிறது. ஆற்காட்டுப் பட்டறை ஒன்றில் ஆங்கிள் இரும்பில் செய்து வாங்கிய பழைய சக்கரம். அரை எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம். மோட்டாரில் இரண்டரை அங்குலப் புல்லி, தண்டில் 12 அங்குலப் புல்லி, ஒரு வி-பெல்ட். மிதியை அழுத்தினால் பெல்ட் இறுகும், விட்டால் தளரும்.

வெறும் சக்கரம் நன்றாகவே சுற்றுகிறது. மூன்று கிலோ மண்ணை வைத்து, நடுவுக்குக் கொண்டுவர நைனா அமுக்கினால் சக்கரம் நின்றுவிடுகிறது. ஆனால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சாயங்காலத்தில் சுவிட்சைப் போட்டால் ‘உம்’ என்று உறுமிக்கொண்டு மோட்டார் கிளம்புவதே இல்லை. மிதியை அழுத்திக்கொண்டு தட்டைக் கையால் தள்ளிவிட்டால் கிளம்பும். அடியில் கரகரவென்று சத்தமும் உண்டு.

பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிச் சுருள்) போய்விட்டது, புதிதாகக் கட்டணும் என்கிறார். கார்த்திகை அகலுக்கு மண் மிதித்து வைத்திருக்கிறோம். நைனாவுக்கு முழங்கால் வலி, தடி போட்டுச் சுழற்றுகிற சக்கரத்தில் இனி உட்கார முடியாது. என்ன செய்யலாம்?

பதில் (சேண்பாக்கம், வனைகிறவர்)

காயிலுக்குப் பணம் கொடுக்காதேம்மா. மோட்டார் ஓடுகிறது, சக்கரம் நிற்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் நடுவில் பெல்ட் வழுக்குகிறது. காயில் எரிந்திருந்தால் தீய்ந்த வாடை வரும், மோட்டார் சீக்கிரமே கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைக் கழற்று. இப்போது மோட்டார் தனி, சக்கரம் தனி. தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார். கரகரப்பு விரலுக்கே தெரிந்தால் அது பேரிங். விளிம்பை ஒட்டி ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சுற்று. ஒரே பக்கம் மட்டும் கோடு விழுந்தால் தட்டு கோணியிருக்கிறது, அல்லது தண்டு ஆடுகிறது.

அப்புறம் பெல்ட்டின் இரண்டு பக்கவாட்டையும் பார். வி-பெல்ட் புல்லியில் இருக்கிற பள்ளத்தின் பக்கச் சுவரைப் பிடித்துத்தான் இழுக்கும், அடியைத் தொடவே கூடாது. பக்கவாட்டு கண்ணாடிபோல் மின்னினாலோ, பெல்ட் தேய்ந்து பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டாலோ எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். முதுகில் ‘ஏ 42’ மாதிரி எண் இருக்கும், அதையே சொல்லி வாங்கு. பிடிப்பு வரட்டும் என்று பெல்ட்டில் எண்ணெய், குங்கிலியம் எதுவும் தடவ வேண்டாம். மாட்டிய பிறகு இரண்டு புல்லியின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடி. நூல் இரண்டிலும் ஒட்டி நிற்கவில்லை என்றால் புது பெல்ட்டும் ஒரு பக்கமாகத் தேயும்.

பேரிங்கை இந்தத் தடவையே மாற்றிவிடுங்கள். வனைகிறபோது சேற்றுத்தண்ணீர் தண்டு வழியாக இறங்கிப் பேரிங்குக்குள் போய்விடுகிறது. காய்ந்ததும் அந்த மண்தூளே குண்டுகளைத் தேய்க்கும், மேலே கிரீஸ் வைத்து பிரயோஜனமில்லை. லாரி டியூபில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, தண்டைவிடச் சின்னதாக நடுவில் துளை போட்டு, பேரிங்குக்கு மேலே தண்டில் இறுக்கமாக ஏற்றிவிடு. இறங்குகிற தண்ணீர் அதில் பட்டு வெளியே சிதறிவிடும். என் சக்கரத்தில் பேரிங் காய்ந்தே இருப்பதற்கு அந்த டியூப்தான் காரணம்.

பதில் (ராணிப்பேட்டை, மோட்டார் காயில் கட்டுகிறவர்)

அண்ணன் சொன்னது சரி. சாயங்காலத்து உறுமலுக்கு நான் சொல்கிறேன். பெல்ட் இல்லாமல் மோட்டாரைப் போட்டு, உறுமினால் ஒரு குச்சியால் புல்லியைத் தட்டிப் பாருங்கள், கை வைக்கக் கூடாது. எந்தப் பக்கம் தட்டுகிறீர்களோ அந்தப் பக்கமே ஓட ஆரம்பித்தால் பெரும்பாலும் கெபாசிட்டர் (மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சின்ன டப்பா) போயிருக்கும். காயில் கட்டுகிற கூலியோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு. பழையதில் எத்தனை மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறதோ அதே அளவு, 440 வோல்ட் வாங்குங்கள். கரண்டை நிறுத்தினாலும் உள்ளே சார்ஜ் நிற்கும். 60 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

சாயங்காலம் மட்டும் வருகிறது என்றால் வோல்டேஜையும் அளந்து பாருங்கள். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் மோட்டாரின் இழுவை 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நல்ல கெபாசிட்டரே அப்போது திணறும்.

கேட்டவர்

அண்ணா, பெல்ட் பக்கவாட்டு பளபளவென்று இருந்தது, மாற்றியாயிற்று. குச்சியால் தட்டினால் இரண்டு பக்கமும் ஓடியது. கெபாசிட்டர் மாற்றியதும் சுவிட்ச் போட்ட உடனே கிளம்புகிறது. மூன்று கிலோ மண்ணை நைனா முழு பலத்தோடு அமுக்கியும் நிற்கவில்லை. பேரிங்கில் 6205 என்று இருக்கிறது. கடையில் இரண்டு விதம் காட்டுகிறார்கள், எதை வாங்க?

பதில் (சேண்பாக்கம்)

2ஆர்எஸ் என்று கேட்டு வாங்கும்மா, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கும். இசட்இசட் என்பது தகர மூடி, ஓரத்தில் சந்து இருக்கும், சேறு நுழைந்துவிடும். கூட்டில் இறக்கும்போது வெளி வளையத்திலும், தண்டில் ஏற்றும்போது உள் வளையத்திலும் மரக்கட்டை வைத்துத் தட்டச் சொல், ரப்பர் மேல் அடி படக்கூடாது.

பதில் (ராணிப்பேட்டை)

இன்னொன்று. நைனா ஈரக்கையோடு இரும்புச் சட்டத்தைத் தொட்டபடி உட்காருகிறார். சட்டத்திலிருந்து எர்த் வயர் மூன்று பின் பிளக் வரை போகிறதா, வீட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) ஒன்று போட்டுவிடுங்கள். அகல் வேலையை அதற்கு அப்புறம் தொடங்குங்கள்.