பிரெக்சிட் வாக்குவாதங்கள்: நேரில் பேசியவர்கள் எழுதுங்கள்

நெல்லையான் (ஹாரோ)

பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியது பற்றிக் கட்டுரைகள் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டன. நேருக்கு நேர் உட்கார்ந்து யாருடனாவது வாதாடியிருந்தால் அதை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. 2016இல் லிங்கன்ஷரில் பாஸ்டன் ஊரைச் சுற்றியுள்ள காய்கறிக் கூடங்களுக்கு அடிக்கடி போவேன். வயலில் அறுத்த முட்டைக்கோஸ் ஈரம் காயாமல் பெல்ட்டில் ஏறி வரும். இரண்டு பக்கமும் நின்று வெளி இலையை உரித்துப் போடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் போலந்து, லிதுவேனியா, லாட்வியாக்காரர்கள். குளிர் எலும்புக்குள் இறங்கும். கையுறைக்குள் இன்னொரு கையுறை போட்டிருப்பார்கள்.

எனக்கு அப்போது இந்தியப் பாஸ்போர்ட்டும் வேலை விசாவும்தான். ஆனால் காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற ஜூன் 23 வாக்கெடுப்பில் எனக்கு ஓட்டு இருந்தது. அங்கே ஷிஃப்ட் மேற்பார்வை பார்த்த போலந்துப் பெண்மணிக்கு இல்லை. அவர் 2004இலிருந்து இங்கே வரி கட்டுகிறவர், வீடு வாங்கியவர், மகளை இங்கேயே படிக்க வைக்கிறவர். ஒன்றியத்து நாட்டவர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. "உன் ஓட்டுல என் வாழ்க்கையும் இருக்கு, பார்த்துப் போடு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

வாதம் நடந்தது வேறொருவரோடு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாஸ்டன்காரர், அறுபதை நெருங்கியவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்த ஊர்தான். வெளியேறும் பக்கம். தேநீர் இடைவேளையில் நான் என் கணக்கை எடுத்து வைத்தேன்: பிரிட்டன் ஏற்றுமதியில் ஏறக்குறைய 44 சதவீதம் ஒன்றியத்துக்குத்தான் போகிறது, அந்தக் கதவை நாமே சாத்திக்கொண்டால் எப்படி? வெளியேறினால் 2030 வாக்கில் வீட்டுக்கு வருஷத்துக்கு 4,300 பவுண்ட் குறையும் என்று நிதித்துறை சொல்லியிருந்ததையும் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த 4,300 எங்க வீட்டுக்கு எப்போ வந்துச்சு, இப்போ போறதுக்கு?"

அவர் போலந்துக்காரர்களைத் திட்டவே இல்லை. அவர் சொன்னது வேறு. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தபோது பழைய உறுப்பு நாடுகளில் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும்தான் முதல் நாளே வேலைக் கதவை முழுசாகத் திறந்தன. ஜெர்மனி 2011 வரை தள்ளிப்போட்டது. "திறந்தது லண்டன். ஆள் வந்தது இங்க. டாக்டரைப் பார்க்க வரிசை எங்களுக்கு. பள்ளிக்கூடத்துல இடமில்லைன்னா அது எங்க பிள்ளைக்கு. இதுக்குன்னு லண்டன்ல இருந்து காசு வந்துச்சா?" ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண்ட் போகிறது என்று வெளியேறும் பக்கத்தவர்கள் சிவப்புப் பேருந்தில் எழுதியிருந்ததைப் பற்றிக் கேட்டேன், பிரிட்டனுக்குக் கிடைக்கும் தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது, புள்ளியியல் ஆணையமே தவறான எண்ணத்தைத் தரும் என்று கண்டித்தது என்றேன். "350 இருக்கட்டும், 150 இருக்கட்டும். அதை எங்க செலவழிக்கணும்னு யார் முடிவு பண்றது, அதைச் சொல்லு" என்றார்.

இதுதான் எனக்கு இன்றுவரை விடாத விஷயம். நான் விலை பேசினேன், அவர் அதிகாரம் பேசினார். இரண்டு பக்கமும் நாடு முழுக்க இப்படித்தான் பேசிக்கொண்டன. பாஸ்டனில் 75.6 சதவீதம் வெளியேறு என்று விழுந்தது, நாட்டிலேயே அதிகம். அவர்கள் குறை பொய்யில்லை என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் டாக்டர் போதாததும் பள்ளியில் இடமில்லாததும் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் எடுத்த முடிவுகள் இல்லை. லண்டன் மேல் இருந்த கோபத்துக்கு ஓட்டுச்சீட்டில் வேறு கட்டமே இல்லாமல் போனது.

வடமராட்சி அக்கா (கொவென்ட்ரி)

தம்பி சொன்ன அந்தப் போலந்துப் பெண்ணின்ர நிலைதான் எனக்கும். நாங்கள் தொண்ணூறுகளில் நெதர்லாந்தில் அகதியாய் இறங்கி, அங்கே குடியுரிமை எடுத்து, பிள்ளைகளின்ர ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் இங்கே வந்தனாங்கள். ஜெர்மனி, டென்மார்க், பிரான்சில் இருந்தும் எங்கட சனம் இப்படி வந்திருக்கு. டச்சுப் பாஸ்போர்ட், ஆனபடியால் இங்கே வர விசா தேவைப்படேல்லை, ஓட்டும் இல்லை.

எனக்கு நேர்ந்த வாக்குவாதம் வெள்ளைக்காரரோட இல்லை. கோயில் மடப்பள்ளியில், மரக்கறி வெட்டிக்கொண்டு இருக்கேக்க, எங்கட ஊர் அண்ணை ஒருவரோட. அவர் நேரே லண்டனுக்கு வந்து, வழக்குப் போட்டு, பயந்து பயந்து வருஷக்கணக்கா இருந்து கடைசியில் விசா எடுத்தவர். "நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்து அடுத்த கிழமையே வேலைக்குப் போனீங்கள். நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியுமோ? எல்லாருக்கும் ஒரே சட்டம் வரட்டும், அதுக்குத்தான் வெளியேறச் சொல்லிப் போட்டனான்" எண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே சண்டைக்குத் தப்பி ஓடி வந்த ஆக்கள். எந்த விமான நிலையத்தில் இறங்கினோம் எண்டதுதான் வித்தியாசம். அவரின்ர கஷ்டம் குறையிறதுக்கு என்ர உரிமை போகத்தான் வேணுமோ எண்டு கேட்டன். அவர் கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே, "குறையாது பிள்ளை, ஆனா நியாயமா இருக்கும்" எண்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இங்கே இருந்த ஒன்றியத்து நாட்டவர் 2021 ஜூன் 30க்குள் நிரந்தர வதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. போனில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணி, முகத்தைக் காட்டி, பிள்ளைகள்தான் எனக்குச் செய்து தந்தவை. கையில் ஒரு அட்டை தரேல்லை; எல்லாம் இணையத்தில். வாடகை வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் "பேப்பர் எங்க?" எண்டு கேட்பார். பிரித்தானியக் குடியுரிமை எடுக்கலாமே எண்டு சொல்லுவீங்கள். நெதர்லாந்து பொதுவா இரட்டைக் குடியுரிமையை விடாது. இதை எடுத்தால் அது போகும். ஒருக்கா நாடில்லாமல் நிண்டவளுக்கு ஒரு பாஸ்போர்ட்டைக் கையால் திருப்பிக் கொடுக்க மனம் வராது.

சாமான்காரன் (வெம்பிளி)

நான் அரசியல் கதைக்கேல்லை, பாரக்கணக்கு கதைக்கிறன்.

எங்கட முதலாளி இலங்கையில் இருந்து கொள்கலனில் சாமான் இறக்கி, லண்டன் கடைகளுக்கும் பாரிஸ் லா ஷப்பேல் தமிழ்க் கடைகளுக்கும் குடுக்கிறவர். வெளியேறின பிறகும் பழைய சட்டமே இருந்ததால், 2020 முடியும்வரை வியாழன் இரவு வெம்பிளியில் ஏத்தினால் வெள்ளி காலமை பாரிஸில் இறக்கலாம். சிவப்பரிசி மா, தேங்காயெண்ணெய், மாசி, நெய், ஊறுகாய், எல்லாம் ஒரே லொறியில். கையில் ஒரு விலைப்பட்டியல் மட்டும்.

2020 டிசம்பர் 24 அண்டு ஒன்றியத்தோட வர்த்தக ஒப்பந்தம் வந்தது. "வரியும் இல்லை, கோட்டாவும் இல்லை" எண்டு டிவியில் சொன்னவை. முதலாளி சந்தோஷத்தில் எல்லாருக்கும் கேக் வாங்கித் தந்தவர். நான் சுங்கத் தாள்கள் பார்க்கிற முகவரோட போனில் கதைச்சுப்போட்டு வந்து சொன்னன்: "அண்ணை, வரி இல்லாதது பிரித்தானியாவில் செய்த சாமானுக்கு. எங்கட சாமான் இலங்கையில் செய்தது." அவர் நம்பேல்லை. "இங்க வரி கட்டித்தானே இறக்கினனாங்கள், பிறகேன் அங்க திரும்பக் கட்டவேணும்?" எண்டு கத்தினார். அண்டு முழுக்க இதே வாக்குவாதம்தான். பெரிய பொதியைப் பிரிச்சு சின்னப் பையில் கட்டினாலும் அது பிரித்தானியச் சாமான் ஆகாது. வரி கட்டாமல் கிடங்கில் வைச்சு அங்கால அனுப்ப வழி இருக்கு, அதுக்குத் தனி அனுமதி, தனிக் கணக்கு. ஏழெட்டுப் பேர் வேலை செய்யிற இடத்தில் அதை ஆர் எழுதுறது?

மாசிக்கும் நெய்யுக்கும் இன்னும் கரைச்சல். மிருகத்தில், மீனில் இருந்து வாற சாமான் எண்டால் மிருக வைத்தியர் கையெழுத்துப் போட்ட சுகாதாரச் சான்றிதழ் வேணும், குறிப்பிட்ட சோதனை நிலையத்துக்குள்ளால்தான் போகலாம். கலப்பு லொறியில் ஒரு பெட்டிக்குத் தாள் பிழைச்சாலும் முழு லொறியும் நிக்கும். எங்கடது அப்படி நிண்டது. பச்சை மரக்கறி பழுதாகி, இறக்கேக்க லொறிக் கதவைத் திறக்க ஏலாத மணம். ஓட்டி வந்த இங்கிலீசுக்காரர் வெளியேறத்தான் வாக்குப் போட்டவர். பாவம், அவருக்கும் அண்டைய கூலி போச்சு. "இதுக்கு நான் வாக்குப் போடேல்லை" எண்டு சொன்னார். எதுக்குப் போட்டீங்கள் எண்டு கேட்டன். "அந்தப் பக்கத்து லொறிகளும் இப்படி நிக்கவேணும் எண்டு" எண்டார். உண்மையில் நடந்தது தலைகீழ். ஒன்றியத்துக்காரர் முதல் நாளே சோதிச்சவை. பிரித்தானியா தன்ர பக்கத்து உணவுச் சோதனைகளைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு 2024இல்தான் தொடங்கினது.

பாரிஸ்காரர் ஒரு வருஷம் பொறுத்தவை. பிறகு தாங்களே நேரே ரோட்டர்டாம், லு ஆவ்ர் துறைமுகங்களில் கொள்கலன் இறக்கத் தொடங்கிட்டினம். எங்கட கிடங்கில் இரண்டு பெடியளை நிப்பாட்டினது அதுக்குப் பிறகு.

சேலத்துக்காரன் (லூட்டன்)

எல்லாரும் ஒரே பக்கமாக எழுதுகிறீர்கள். நான் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டேன், இன்றும் அதே நிலைதான். எங்கள் ஊரிலும் 56 சதவீதத்துக்கு மேல் அப்படித்தான் விழுந்தது. எங்கள் மருத்துவமனையில் 2017 கடைசியில் இந்தியாவிலிருந்து தேர்வான டாக்டர்கள் விசா கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வேலை விசாவில் வருகிறவர்களுக்கு வருஷத்துக்கு 20,700 பேர் என்ற வரம்பு. அப்போது ஐரோப்பாவிலிருந்து யாரும் எந்தத் தகுதியும் காட்டாமல் வரலாம், வேலூரில் படித்த டாக்டர் வரக்கூடாது. இது என்ன நியாயம்? இன்று எங்கள் வார்டில் மதுரை, நாகர்கோவில், கோட்டயம் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் இந்தியாவோடு வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. எல்லா நாடுகளுக்கும் ஒரே சுங்க வரி வைக்கும் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்துக்குள் இருந்தால் பிரிட்டன் தனியாக அதைச் செய்திருக்க முடியுமா?

நெல்லையான் (ஹாரோ)

இந்திய ஒப்பந்தம் விஷயத்தில் சொல்வது சரி, உள்ளே இருந்தால் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் அந்த 20,700 வரம்பை வைத்தது லண்டன் அரசாங்கம், பிரஸ்ஸல்ஸ் இல்லை. டாக்டர்களையும் நர்சுகளையும் அந்த வரம்பிலிருந்து எடுத்தது 2018இல். அப்போது பிரிட்டன் ஒன்றியத்துக்குள்தான் இருந்தது! வெளியேறியது 2020 ஜனவரி 31. நம் பிள்ளைகள் வருவதில் எனக்கும் சந்தோஷம்தான் அண்ணே, அதற்கு இந்த வழி தேவைப்படவில்லை என்கிறேன்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வாக்கெடுப்பு நேரத்தில் வருஷ நிகரக் குடிவரவு 3.3 லட்சம் சொச்சம் என்றுதான் அத்தனை கோபம். 2023இல் அது 9 லட்சத்தைத் தாண்டியது. பாஸ்டன்காரர் கேட்டதும் நீங்கள் கேட்டதும் நேர் எதிரானவை. இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் பேனா வைத்தீர்கள். யாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என்று தெரியாமல்தான் 2016க்கும் 2024க்கும் இடையில் இந்த நாடு ஆறு பிரதமர்களைப் பார்த்தது. 2024 மார்ச்சிலிருந்து பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். உங்கள் வார்டுப் பிள்ளைகளின் தங்கைகளுக்குத்தான் அது மூடியது.

நியூரி மருத்துவர்

வட அயர்லாந்தை யாரும் தொடவில்லையே. எங்கள் ஊரிலிருந்து எல்லை பத்து நிமிஷம். எங்கள் நர்சுகளில் பலர் டண்டாக்கிலிருந்து, அதாவது ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசிலிருந்து, தினமும் காரில் வருகிறார்கள். எல்லை எங்கே என்று சாலையில் தெரியாது. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், அவ்வளவுதான். இங்கே பல வருஷம் நடந்த சண்டையை முடித்த 1998 ஒப்பந்தத்துக்குப் பிறகு கிடைத்த நிம்மதி அது. அங்கே ஒரு கம்பம் நட்டால் என்ன ஆகும் என்று வயதானவர்களுக்குத் தெரியும். இங்கே 55.8 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கவே ஓட்டுப் போட்டார்கள்.

தரையில் எல்லை வேண்டாம் என்று கடலில் கோடு போட்டார்கள்: பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்கு வரும் சாமானுக்குச் சோதனை. அதன் பிறகு வெளிநோயாளி பிரிவுக்கு வந்த ஒரு விவசாயி, பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிற யூனியனிஸ்ட் குடும்பத்தவர், இரத்த அழுத்தம் ஏன் ஏறியிருக்கிறது என்று கேட்டதற்கு விதை உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் அப்பா காலத்திலிருந்து ஸ்காட்லாந்து விதைதான் போடுவார்கள். அதற்குத் தடை வந்தது. "என் நாட்டிலிருந்து என் நாட்டுக்கு ஒரு கிழங்கு வரக்கூடாதா டாக்டர்?" ஒன்றியமும் பிரிட்டனும் 2023இல் செய்த வின்ட்சர் ஏற்பாட்டில் அதற்கு வழி செய்தார்கள். அவர் கோபம் அதோடு போகவில்லை. யூனியனிஸ்ட் கட்சியான டி.யு.பி. 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருஷம் இங்கே ஆட்சியே நடக்க விடவில்லை. எங்கள் சிகிச்சைக் காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போனது, 2022 அக்டோபருக்குப் பிறகு அமைச்சரே இல்லை.

சாமான்காரரிடம் ஒரு கேள்வி. 2025 மே மாதம் லண்டனில் ஒன்றியமும் பிரிட்டனும் உணவு, கால்நடைச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு உடன்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்களே. அது நடைமுறைக்கு வந்தால் உங்கள் பாரிஸ் வியாபாரம் திரும்புமா?

சாமான்காரன் (வெம்பிளி)

திரும்பாது டொக்டர். அது வந்தால் மாசிக்கும் நெய்யுக்கும் வைத்தியர் கையெழுத்துத் தேவைப்படாமல் போகலாம், அது பெரிய உதவி. ஆனால் சுங்க ஒன்றியத்துக்கு வெளியில்தானே நிக்கிறம். இலங்கைச் சாமானுக்கு இரண்டாந்தரம் வரி அப்படியே இருக்கும். பாரிஸ்காரருக்கு லு ஆவ்ரில் ஒருக்கா மட்டும்தான் வரி. முதலாளிக்கும் இப்ப விளங்கிட்டுது. போன மாதம் ரோட்டர்டாமில் கிடங்கு வாடகைக்குப் பார்க்கப் போய் வந்தவர். டச்சுக் கதைக்கத் தெரிஞ்ச ஆள் தேவையாம். வடமராட்சி அக்கா, உங்கட மூத்தவர் வேலை தேடுறார் எண்டால் சொல்லுங்கோ.