பாஸ்கர்வில் எழுத்தில் மெல்லிய கோடுகள் அச்சில் விட்டுப்போகின்றன, ஃபாண்டை மாற்றத்தான் வேண்டுமா?

ஏற்காடு_மலைப்பாதை:
எங்கள் தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். அவர் எழுதி வைத்த குறிப்புகளைப் பேரப்பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து சின்னப் புத்தகமாகப் போடுகிறோம், இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம், 300 பிரதி. ஆங்கிலத்துக்கு பாஸ்கர்வில்தான் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். பெரிய கியூவின் நீண்ட வாலும், கீழ்வளையம் மூடாமல் நிற்கும் சின்ன ஜியும் அவ்வளவு பிடிக்கும். ஆனால் சேலத்தில் 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாளில், 10 பாயின்டில் ஒரு பக்கம் ஓட்டிப் பார்த்தபோது சின்ன ஈயின் குறுக்குக் கோடு பல இடத்தில் விட்டுப்போய் சி மாதிரி நிற்கிறது. பிரஸ்ஸில் டைம்ஸ் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடவா?

செவ்வாய்ப்பேட்டை_டிடிபி:
அவசரப்படாதீர்கள். டைம்ஸ் நியூ ரோமன் 1932-ல் லண்டன் நாளிதழின் குறுகிய பத்திக்காக வந்த எழுத்து, நிதானமாகப் படிக்க வேண்டிய புத்தகத்தில் நெருக்கியடித்த மாதிரி இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோட்டின் ஓரம் புள்ளி புள்ளியாக இருந்தால் குறை ஃபாண்டில் இல்லை, ஃபைலில் கறுப்பு ஆர்ஜிபியாக (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையாக) இருந்து அச்சுப் பிளேட்டுக்குப் போகும்போது சாம்பலாக மாறியிருக்கும். சாம்பலைப் புள்ளியாகத்தானே அடிக்க முடியும், மெல்லிய கோடு அதில் உடைந்துவிடும். கறுப்பை 100 சதவீதம் கே, அதாவது அச்சின் கறுப்பு மை மட்டும், என்று மாற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் லிப்ரே பாஸ்கர்வில் இருக்கிறது, இலவசம். திரைக்காக வரைந்தது, மெல்லிய கோடு கொஞ்சம் தடிமன், 9 பாயின்டே பெரிதாகத் தெரியும். அகலம் அதிகம் என்பதால் பக்கம் கூடும், அதைக் கணக்கில் வையுங்கள்.

அஸ்தம்பட்டி_வாசகன்:
காகிதத்தையும் பாருங்கள். பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் எழுத்தை மட்டும் செய்து நிறுத்தவில்லை. கையெழுத்து கற்றுக்கொடுத்தவர், மெல்லிய கோடு அவருக்குப் பேனாவில் பழகியது. அது அச்சில் நிற்க வேண்டும் என்று மையை இன்னும் கறுப்பாக்கினார், வரிவடு இல்லாத வழவழப்பான காகிதம் தேடினார், அச்சடித்த தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்தினார். 1757-ல் அவர் அச்சிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூல் அப்படிப் பிறந்ததுதான். அப்போதே கண்ணைக் கெடுக்கும் எழுத்து என்று சிலர் குறை சொன்னார்கள். பெஞ்சமின் பிராங்கிளின் ஒருவரிடம் காஸ்லான் என்ற வேறொரு எழுத்து வார்ப்பாளரின் மாதிரித்தாளில் தலைப்பைக் கிழித்துவிட்டு இதுதான் பாஸ்கர்வில் என்று நீட்ட, அந்த மனிதர் அதிலேயே வரிசையாகக் குறை கண்டுபிடித்தாராம்! ஆகவே யார் சொன்னாலும் எழுத்தை விடாதீர்கள், தாளை மாற்றுங்கள்.

ஏற்காடு_மலைப்பாதை:
லென்ஸில் பார்த்தேன், புள்ளிதான். வேர்டிலிருந்து நேராகக் கொடுத்தது என் தவறு. கறுப்பை மாற்றி, கொஞ்சம் வழவழப்பான 80 ஜி.எஸ்.எம். தாளில் ஓட்டினோம், குறுக்குக் கோடு முழுசாக விழுந்திருக்கிறது. அதே பாஸ்கர்வில், 11 பாயின்ட். எதிர்ப்பக்கத் தமிழ் பெரிதாகத் தெரிந்ததால் அதை 10 ஆக்கினோம். தாத்தா குடியிருந்த குவார்ட்டர்ஸ் பற்றிய அத்தியாயத்துக்குத் தலைப்பு 24 பாயின்ட், கியூவின் வால் அடுத்த எழுத்துக்கு அடியில் ஓடுகிறது.