பழைய அமெரிக்க ரைபிள் குழல் நடுவில் இளைத்து வாயில் தடித்திருப்பது ஏன்?

கணபதி_லேத்:
வணக்கமுங்க. 1770 வாக்கில் பென்சில்வேனியாவில் செய்த ரைபிள் ஒன்றைப் பார்ட் பார்ட்டாகக் கழற்றும் வீடியோ பார்த்தேன். எட்டுப் பட்டைக் குழல், 44 இஞ்ச் நீளம், அரை இஞ்ச் துளை. மருந்து வெடிக்கிற பின்பக்கம் வெளி அளவில் 1⅛ இஞ்ச் தடிமன், முன்னால் போகப் போக இளைத்து முக்கால் இஞ்ச், அதோடு விடாமல் வாய்க்கிட்ட மறுபடியும் தடித்து ⅞ இஞ்ச். டேப்பர் (இளைப்பு) வரைக்கும் சரி, ஆனால் வாய் எதுக்குத் தடிக்கணும்? நம்ம பட்டறைக்கு இப்படி ஒரு டிராயிங் வந்தால் பார்ட்டிக்குப் போன் போட்டுத்தான் கேட்போம்.

ஈரோட்டுக்காரன்:
கையில் அடித்ததுங்க, லேத்தா வைத்திருந்தார்கள்? ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும்.

குறிச்சி_ஃபிட்டர்:
அது இல்லீங்க. இரும்புப் பட்டையைக் கம்பியின் மேல் மடித்து, உலையில் காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டவைத்து, துளை கடைந்து, அப்புறம் எட்டுப் பட்டையையும் அரம் போட்டு எடுத்தவர்கள். அரம் பிடித்தவனுக்குத் தெரியும், நேர்ப்பட்டை எடுப்பதே சுலபம், உள்வாங்கி மறுபடி வெளியே வருகிற பட்டை எட்டையும் ஒரே மாதிரி எடுப்பதுதான் வேலை. அதற்கேற்ப குழல் உட்காரும் துப்பாக்கி மரக்கட்டையிலும் அதே வளைவில் பள்ளம் குடைந்திருப்பார்கள். கை தவறியதற்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

கருமருந்து வெடித்ததும் அழுத்தம் உச்சத்துக்குப் போவது குண்டு முதல் சில இஞ்ச் நகர்வதற்குள், அதற்கப்புறம் இறங்கிவிடும். அதனால் தடிமன் பின்னால் இருந்தால் போதும். நீங்கள் சொன்ன அளவுக்குக் கணக்குப் போட்டேன்: முழு நீளமும் 1⅛ இஞ்சாகவே விட்டால் குழல் மட்டும் நாலே முக்கால் கிலோ வருது, இளைத்தால் ஏறத்தாழ 2.7. இரண்டு கிலோ குறையுது, அதுவும் பெரும்பாலும் முன்பக்கத்தில். தேங்காய் பறிக்கிற தொரட்டியைப் படுக்கையாக நீட்டிப் பிடித்துப் பாருங்க, நுனி எடை தோளை என்ன பாடு படுத்துதுன்னு தெரியும்.

கணபதி_லேத்:
எடை புரிஞ்சுதுங்ணா. அப்படின்னா வாய் வரைக்கும் இளைத்துக்கொண்டே போயிருக்கலாமே?

பொள்ளாச்சி_டூல்ரூம்:
அங்கேதாங்க விஷயம். முன்குறியை (குறிபார்க்க முன்னால் வைக்கும் சின்ன முனை) வாய்க்கிட்ட டவ்டெயில், அதாவது அடி அகன்று மேலே குறுகிய காடி, வெட்டி உட்கார வைக்கிறார்கள். முக்கால் இஞ்ச் தடிமனில் அரை இஞ்ச் துளை போனால் சுவர் 3 மில்லிதான் மிச்சம், அதில் டவ்டெயில் வெட்டினால் என்ன இருக்கும்? ⅞ இஞ்சில் 4.7 மில்லி இருக்கு, பயமில்லாமல் வெட்டலாம். இன்னொன்று, பின்பக்கம் தடித்து முன்பக்கம் இளைத்தால் குழலின் மேல்பட்டை முன்னால் தாழ்ந்துவிடும், அதை ஈடுகட்ட முன்குறியை உயரமாக வைக்கணும், உயரமான குறி காட்டில் புதரில் மாட்டி வளையும். வாய் கொஞ்சம் தடித்தால் குறி குட்டையாகவே இருக்கலாம். சுடும்போது நுனியில் துளி எடை இருந்தால் கை அலைபாயாமல் நிற்கும் என்பதும் உண்டு, ஆனால் என் கணக்கில் முதல் காரணம் டவ்டெயில்தான்.

இதை அமெரிக்காவில் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் தங்கள் சொந்த நாட்டில் செய்த குட்டைக் குழல் வேட்டை ரைபிள்களிலேயே இந்த வடிவம் இருந்தது. அமெரிக்கா வந்து குழலை நீட்டினார்கள், நீளம் கூடக்கூட எடையைக் குறைப்பது இன்னும் அவசியமானது.

ஈரோட்டுக்காரன்:
சரிங்க, ஒத்துக்கறேன். அப்புறம் ஏன் விட்டுட்டாங்க?

குறிச்சி_ஃபிட்டர்:
1800க்கு மேல் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் குழல் பட்டறைகள் பெருகி, துப்பாக்கிக் கொல்லர் குழலை விலைக்கு வாங்க ஆரம்பித்துவிட்டார். சாணைக்கல்லில் நேர்ப்பட்டை சட்டென்று முடியும், கட்டைக்கும் நேராகக் குடைந்தால் போதும். மேற்கே குதிரையில் போனவர்களுக்குக் குழல் நீளமும் குறைந்தது, அதனால் கனமான நேர்க்குழலையும் சமாளித்தார்கள். இப்போது பழைய மாதிரி செய்கிறவர்களுக்கு இளைத்த குழலைச் சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில்) கடைந்தே விற்கிறார்கள், ஆனாலும் நேர்க்குழலை விட விலை கூடத்தான்.