நாளைக்கு எத்தனை டிகிரி அடிக்கும்னு பெட் கட்ட ஃபோர்காஸ்ட் மட்டும் போதுமா?

கேள்வி:
கல்ஷின்னு அமெரிக்காவுல நடக்கப்போற விஷயங்கள் மேல பெட் கட்டற தளத்துல, நியூயார்க்கோட அன்னன்னைக்கு அதிகபட்ச வெப்பநிலை மேல பெட் கட்டற மார்க்கெட் இருக்கில்ல, அதைப் பத்தி ஒரு டவுட். உதாரணத்துக்கு நாளைக்கு ஜிஎஃப்எஸ்ங்கற அமெரிக்க வானிலைக் கணிப்பு மாடலும் 88 ஃபாரன்ஹீட்னு சொல்லுது, ஐரோப்பிய மாடலும் அதேதான் சொல்லுது, ஆனா உச்சம் 88 இல்லன்னா 89 வரும்ங்கற 88-89 கட்டம் 40 சென்ட்டுக்குத்தான் போகுதுன்னு வைங்க. ரெண்டு பெரிய மாடலும் ஒத்துப்போறப்போ இது மலிவுதானே, வாங்கலாம்ல?

பதில் 1:
நண்பா, நீங்க பெட் கட்டறது நியூயார்க் மேல இல்ல, சென்ட்ரல் பார்க்ல பெல்வெடேர் கோட்டை பக்கத்துல இருக்கற ஒரே ஒரு சென்சார் மேல. அமெரிக்க தேசிய வானிலை சேவை அந்த ஸ்டேஷனுக்கு விடற தினசரி ரிப்போர்ட்ல என்ன நம்பரோ அதுதான் முடிவு. சுத்தி மரம், வெயில் காலத்துல நிழல், அதனால பக்கத்து ஏர்போர்ட்டுகளை விட குறைவா காட்டற நாள் நிறைய. ஜிஎஃப்எஸ் கணக்கு போடற ஒரு சதுரமே சுமார் 13 கிலோமீட்டர், அதுக்குள்ள பார்க்கு, கட்டடம், ஆறு எல்லாம் ஒண்ணா கலந்துதான் ஒரு நம்பர் வருது. முதல்ல அந்த ஸ்டேஷனோட பழைய ரிப்போர்ட்டையும் அந்தந்த நாள் ஃபோர்காஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, மாடல் எந்தப் பக்கம் சாயுதுன்னு பிடிபடும்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா அதை விட முக்கியம் 40 சென்ட்னா என்னன்னு புரியறது. மார்க்கெட் அதுக்கு கிட்டத்தட்ட 40 சதவீத வாய்ப்பு குடுக்குதுன்னு அர்த்தம், கட்டம் ரெண்டே டிகிரி அகலம், ஒரு நாள் முன்னாடி ஃபோர்காஸ்ட் ரெண்டு மூணு டிகிரி தவறுறது சர்வ சாதாரணம், அப்புறம் எப்படி 40 மலிவாகும்? ரெண்டு மாடலும் 88னு சொல்றது விலை போடற எல்லாருக்கும் தெரியும். ஒத்தை நம்பரைப் பாக்காதீங்க, ஐரோப்பிய மாடலோட என்செம்பிள்ல, அதாவது ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி திரும்பத் திரும்ப ஓட்டற கணிப்புல, 51 ஓட்டம் வரும், ஸ்டேஷன் சாய்வைச் சரி பண்ணிட்டு அதுல எத்தனை 88-89ல விழுதுன்னு எண்ணுங்க. பாதிக்கு மேல விழுந்தா யோசிக்கலாம், அப்பவும் கட்டணத்தைக் கழிச்சுட்டுப் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. அப்போ முன்னாடி நாள் கட்டாம, அன்னைக்கே மதியம் அந்த ஸ்டேஷனோட அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வர்ற ரீடிங் பாத்துக்கிட்டே கட்டினா சேஃபா?

பதில் 3:
அங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க ப்ரோ. அந்த அஞ்சு நிமிஷ டேட்டா முழு செல்சியஸா மாத்தி வர்றது, வெப்சைட் அதை திரும்ப ஃபாரன்ஹீட்டாக்கி காட்டுது. 87ஐ மாத்தினா 30.6, அது 31 ஆயிடும், 88ஐ மாத்தினா 31.1, அதுவும் 31தான், திரும்ப மாத்தறப்போ ரெண்டுமே 88னு வரும். திரையில 88னு பாத்து 88-89 வாங்கியிருப்பீங்க, ராத்திரி ரிப்போர்ட்ல 87னு வந்து நிக்கும். மணிக்கு ஒரு தடவை வர்ற மெட்டார்ங்கற வானிலைக் குறிப்புல டி (T) எழுத்துல ஆரம்பிக்கற பகுதியில தசம டிகிரி இருக்கும், அதைப் படிக்கப் பழகுங்க.

இன்னொண்ணு, கோடை நேரத்துல கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பாங்க இல்லையா, ரிப்போர்ட் அதைக் கண்டுக்காது, ஸ்டாண்டர்டு நேரப்படிதான் ஒரு நாளைக் கணக்கு பண்ணும், அதாவது ராத்திரி ஒரு மணியிலேர்ந்து மறுநாள் ராத்திரி ஒரு மணி வரைக்கும். காலையில குளிர்காத்து இறங்கற நாள்ல அந்த நாளோட உச்சமே ராத்திரி ஒண்ணரை மணிக்கு முடிஞ்சிருக்கும், மதியம் வெயிலைப் பாத்து கட்டறவன் பணம் போச்சு.