போர்வெல் வண்டியில் இருந்து பார்த்த ஆற்றுப்படுகை

ஆற்றுப்படுகை என்றதும் எல்லோருக்கும் தஞ்சாவூர்தான் நினைவுக்கு வருகிறது. சேலம் மாவட்டத்தில் படுகை என்று ஒன்று இருப்பதாகவே பலர் நினைப்பதில்லை. எனக்குத் தினமும் அதில்தான் வேலை. சங்ககிரிதான் என் ஊர், ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் வண்டி ஒன்றுக்கு மேனேஜராக இருக்கிறேன். ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, கொளத்தூர் என்று சுற்றிச்சுற்றி இந்தப் பக்கம்தான் போர் போடுகிறோம். தொழிலில் பார்த்ததையும், அங்கங்கே சந்தித்தவர்கள் சொன்னதையும் எழுதுகிறேன்.

போர் போடும்போது கெட்டிப் பாறை வரும் வரை கேசிங் பைப் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் மண் சரிந்து குழியை மூடிவிடும். அந்த ஆழம் வரை காற்றோடு மேலே வரும் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது என் பழக்கம். முனை முனையாகக் குத்தினால் அது அங்கேயே மக்கிய பாறை. உருண்டையாக, கழுவியது மாதிரி மணல் வந்தால் ஆறு கொண்டுவந்து போட்டது. இன்றைக்கு ஆறு அரை கிலோமீட்டர் தள்ளி ஓடினாலும் சரி, ஒரு காலத்தில் அது இங்கே படுத்திருந்தது என்று அந்த ஒரு கைப்பிடி மணலிலேயே தெரிந்துவிடும்.

காவிரியை விட்டுவிட்டால், நான் சுற்றும் பக்கத்து ஆறுகளுக்குத் தாய் சேர்வராயன் மலைதான். உச்சி 1,600 மீட்டருக்கும் மேல். கீழே சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர்தான். இவ்வளவு உயரத்தைத் தண்ணீர் கொஞ்ச தூரத்திலேயே இறங்கிவிடுகிறது. மழையும் நகரத்தில் பெய்வதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்காட்டில் பெய்கிறது. மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் நுழைந்து, வீரபாண்டி வழியாக நாமக்கல் மாவட்டம் போய்ப் பரமத்தி வேலூர் பக்கம் காவிரியில் சேர்கிறது. மேற்குச் சரிவில் இறங்கும் சரபங்கா இரண்டு கிளையாக வந்து ஓமலூரில் ஒன்றாகி, எடப்பாடி தாண்டி தேவூர்ப் பக்கம் காவிரியில் விழுகிறது. வடக்கே இறங்கும் வாணியாறு தர்மபுரி மாவட்டத்துக்குப் போய்த் தென்பெண்ணையோடு சேர்கிறது. ஒரே மழை, ஒரே மலை. எந்தச் சரிவில் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு துளி பூம்புகாருக்கும் இன்னொரு துளி கடலூருக்கும் போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

மலை அடிவாரத்தில் வேலை சிரமம். அயோத்தியாப்பட்டணம் தாண்டி மஞ்சவாடிச் சாலையில் ஒரு தோட்டத்தில் போர் போட்டபோது, மேல் மண்ணில் இளநீர் அளவில் இருந்து அம்மிக்கல் அளவு வரை கல்லாகவே இருந்தது. துளை போடும் பிட் ஒரு பக்கமாக வழுக்கி வழுக்கிப் போனது. தோட்டக்கார அம்மா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க மாமனார் காலத்துல இங்கதான் ஓடைங்க. ஒரு ராத்திரி பெஞ்ச மழையில அது அந்தப் பக்கம் போயிருச்சு. கல்லை மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போயிருச்சு" என்றார். செங்குத்தாக வரும் தண்ணீர் சமதளத்தைத் தொட்டதும் வேகம் குறைந்து, தூக்கி வந்த பெரிய கல்லை எல்லாம் முதலில் கீழே போடும். மணலை இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோகும். களிமண்ணைக் கடைசியில் விடும். புத்தகத்தில் படித்தால் நாலு வரி. அந்த அம்மா அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

களிமண் எங்கே போய்த் தங்குகிறது என்பதை நகரத்தின் தெற்கே ஒரு மனையில் பார்த்தேன். திருமணிமுத்தாற்றில் இருந்து கூப்பிடு தூரம். வீடு கட்டப் போகிறவர் முதலில் போர் போட்டுவிடலாம் என்று கூப்பிட்டிருந்தார். மனையைச் செம்மண் கொட்டி அழகாக நிரவியிருந்தார்கள். அந்தச் செம்மண் நாலடி தாண்டியதும் கருப்பாக, பசை மாதிரி களி வர ஆரம்பித்தது. நடுநடுவே சின்ன நத்தை ஓடு. எனக்குப் புரிந்துவிட்டது. மனைக்காரருக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் சத்தம் கேட்டு வந்து நின்றார். நெசவுக் குடும்பம், சின்ன வயதில் இந்தப் பக்கத்து வாய்க்காலில்தான் நூல் அலசுவார்களாம். "இது ஏரி உள்வாய் சாமி. அதோ அந்த வேப்பமரம் இருக்கு பாரு, அதுதான் கரை. மழை வந்தா தண்ணி இங்கதான வந்து நிக்கும், பின்ன எங்க போகும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். மனைக்காரர் என்னைத் தனியே அழைத்து, "இப்ப என்னங்க பண்றது?" என்று கேட்டார். வாங்கியாகிவிட்டது, அவரிடம் என்ன சொல்வது! மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரம் போட வேண்டாம், பேஸ்மட்டத்தைத் தெரு மட்டத்தை விட நன்றாக உயர்த்துங்கள், தண்ணீர்த் தொட்டியைத் தரைக்குக் கீழே வைக்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் அப்படியே செய்தார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை வந்ததே, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிய மழை, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்த மழை, அப்போது போன் செய்து, "தெருவெல்லாம் தண்ணி, வீட்டுக்குள்ள வரலைங்க" என்றார். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதே தெருவில் மற்ற வீடுகளுக்குள் வந்திருக்குமே என்று மனம் அடித்துக்கொண்டது.

ஏரியைக் காப்பாற்றவே முடியாது என்று யாராவது சொன்னால் அவர்களைக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குக் கூட்டிப்போங்கள். குப்பையும் கழிவுமாகக் கிடந்ததை 2010-ல் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டு திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்றைக்கு அந்தத் திட்டுகளில் பறவைகள் கூடு கட்டுகின்றன.

நகரம் தாண்டி உத்தமசோழபுரத்தில் கரபுரநாதர் கோயில் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அவ்வையார் பாரி மகளிர்க்குத் திருமணம் செய்துவைத்த இடம் என்று ஊரில் சொல்வார்கள். அதற்குக் கீழே போகப் போக வயல், தென்னை, மரவள்ளி என்று படுகை நன்றாகவே விரிகிறது, ஆற்றுத் தண்ணீரைத்தான் பார்க்க முடியாது. சாயக் கழிவும் சாக்கடையும் கலந்து, மழை வந்தால் நுரை பொங்குகிறது. ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி என்னை ஆற்றை விட்டுத் தள்ளி, மேட்டுக்கு நடத்திக் கொண்டுபோய், "இங்க போடுங்க. ஆத்தோரம் போட்டா தண்ணி கொட்டும், ஆனா குடிக்க முடியாது" என்றார். மேட்டில் தண்ணீர் குறைவு, செலவு அதிகம். அது தெரிந்தேதான் அவர் சொன்னார். ஆற்றங்கரையில் நிலம் வைத்துக்கொண்டு குடிதண்ணீருக்கு ஆற்றை விட்டு விலகிப் போகிற நிலைமையை நான் வேறு எப்படிச் சொல்ல?

சரபங்கா வேறு மாதிரி. வருஷத்தில் பெரும்பாலும் வறண்ட மணலும் சீமைக் கருவேலமும்தான். ஓமலூர்ப் பக்கம் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவர் குடும்பம் தலைமுறையாக ஏரி மதகு திறந்து மூடும் வேலை பார்த்தது. இரவு வண்டி பழுதாகி நின்றதால் அவர் வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆற்றின் குறுக்கே தாழ்வாக ஒரு அணைக்கட்டு. அதற்குப் பின்னால் தேங்குவதை ராஜவாய்க்கால் ஏரிக்குக் கொண்டுபோகும். அது நிறைந்து கோடி போனால், அதாவது வழிந்தால், ஓடை வழியாக அடுத்த ஏரி. அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசி ஏரியின் கோடித் தண்ணீர் திரும்பவும் ஆற்றுக்கே வந்துவிடும். இதை அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார்.

அந்தக் கோடுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. டெல்டாவில் வெள்ளம் தானாகப் பரவி வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். இங்கே நிலம் சரிவு, வெள்ளம் நிற்காது, ஒரு ராத்திரியில் ஓடிவிடும். அதனால் நம் முன்னோர்கள் அணைக்கட்டும் வாய்க்காலும் ஏரியுமாக வெள்ளத்தைப் பரப்பி நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஏரி வரிசைதான் எங்கள் ஆற்றின் படுகை. கோடையில் வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பதும் அந்த ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். ஏரி நிறைந்த வருஷம் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் ஏறுகிறது, பாறையில் நாங்கள் தேடும் கேப்பிலும், அதாவது வெடிப்பிலும், தண்ணீர் கிடைக்கிறது. ஏரி காய்ந்தால் எத்தனை நூறு அடி போனாலும் பாறைத்தூள் புகைதான் வரும். இதை என் தொழிலில் கண்ணால் பார்க்கிறேன்.

"மலை மேல கருக்கிட்டு நின்னாப் போதுங்க. இங்க ஒரு துளி விழ வேண்டியதில்ல, ஆத்துல தண்ணி வந்துரும். அந்த நேரத்துல வாய்க்கால் திறந்து கிடக்கணும். அடைச்சுக் கிடந்தா ஏரிக்குப் போக வேண்டியது ஊருக்குள்ள வரும்" என்றார் பெரியவர். மேட்டூர் உபரிநீரைக் குழாயில் ஏற்றி 100 ஏரிகளை நிரப்பும் திட்டம் 565 கோடி ரூபாயில் வந்தது. 2020-ல் முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பயமும் நியாயமானது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பெரிய நம்பிக்கை. ஆனால் ஒரு ஏரியில் இருந்து அடுத்ததற்குப் போகும் ஓடை மனைப்பிரிவுக்குள் மறைந்துவிட்டால் எந்தக் குழாய் வந்தும் பயன் இல்லை. திட்டத்துக்குச் செலவழித்ததில் கொஞ்சத்தையாவது ஓடைக்குச் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொளத்தூருக்கு வேலையாகப் போனால் பண்ணவாடிக்கும் ஒரு நடை போய்விடுவேன். மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டபோது மூழ்கிய ஊர்களின் நிலம் அது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கும்போது பழைய தேவாலயத்தின் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். எல்லோரும் போட்டோ எடுக்க அதைத் தேடி வருகிறார்கள். நான் பார்ப்பது அதற்குப் பக்கத்து நிலத்தை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க ஈரம் காயும் முன்பே ஏர் ஓட்டிக் கம்பும் எள்ளும் நிலக்கடலையும் விதைத்துவிடுகிறார்கள். வண்டல் பூமி, உரம் அதிகம் வேண்டியதில்லை.

அங்கே எள்ளுக்காட்டில் நின்ற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் போனில் பார்ப்பது அணை மட்டம்தான் என்றார். கர்நாடகத்தில் மழை, கபினி திறந்தாச்சு என்று செய்தி வந்தால் நாள் எண்ணத் தொடங்கிவிடுவார். "எனக்கு முன்னாடி எங்க அப்பாவும் இப்படித்தான். அவருக்குப் போன் இல்ல, கரையில குச்சி நட்டுப் பாப்பாரு" என்றார். பயிர் முற்றுவதற்குள் தண்ணீர் ஏறினால் போனதுதான். அணை நிறைந்தால் கீழே எத்தனையோ பேர் பிழைப்பார்கள், அதில் நமக்குச் சந்தோஷம்தானே என்றும் அவரே சொன்னார். மனதாரச் சொன்னார்.

அணைக்குக் கீழே பூலாம்பட்டி, தேவூர்ப் பக்கம் எங்களைக் கூப்பிடுவதே அபூர்வம். கிணற்றிலேயே தண்ணீர் மேலே நிற்கும். நெல், கரும்பு, வாழை, மஞ்சள் என்று எங்கும் பச்சை. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் இரண்டும் சேர்ந்து 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. போர் போட்டாலும் கூழாங்கல்லும் மணலும் சரிந்துகொண்டே இருக்கும், கேசிங் நிறையப் போகும்.

2022 ஆகஸ்டில் வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவில் தண்ணீர் விட்டார்கள். மேட்டூர் அணையின் 16 கண் மதகு வழியாக வந்த வெள்ளம் வடிந்து சில வாரம் கழித்து, மூழ்கிப்போன மோட்டாருக்காக ஒரு வாழைத்தோட்டத்துக்குப் போனேன். தோட்டக்காரர் என்னை வரப்பு வரப்பாக நடத்திக் காட்டினார். "ஒரு லட்சம் விட்டா தண்ணி இந்தக் கல்லு வரைக்கும். ஒன்றரைன்னா அந்த ரெண்டாவது தென்னை. ரெண்டு லட்சம்னா நம்ம மாட்டுக்கொட்டகை வாசப்படி." மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், இன்னும் மேட்டில், வீடு. ஏன் இவ்வளவு தூரம் தள்ளிக் கட்டினீர்கள் என்று கேட்டேன். "தாத்தா கட்டுனது. அவருக்கு ஆத்தோட அகலம் தெரியும்" என்றார்.

அந்தக் கல், தென்னை, வாசப்படி மூன்றையும் என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இப்போது எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வயதானவர்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். மனை வாங்கப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: பத்திரம் பார்ப்பதற்கு முன்னால் கிராம வரைபடத்தில் ஓடை, ஏரி எங்கே என்று பாருங்கள்; அப்புறம் அந்தத் தெருவிலேயே வயதில் மூத்தவர் ஒருவரைத் தேடிக் கேளுங்கள்.

வசிஷ்ட நதிப் பக்கம், அதாவது பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், எனக்குப் பழக்கம் குறைவு. அந்தத் தண்ணீர் காவிரிக்கு வராமல் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போகிறது. அங்கே வெள்ளம் எதுவரை ஏறும், கரையோரக் கிணறுகளில் எத்தனை அடியில் மணல் வருகிறது என்று தெரிந்த ஊர்க்காரர்கள் எழுதினால் நோட்டில் சேர்த்துக்கொள்வேன்.