மெசேஜ் வந்துவிட்டது, பணம் வரவில்லை: வங்கிக் கணக்கு இல்லாமல் காசு எடுத்த அனுபவங்கள்

கரிசல்காட்டான்:

எம்-பெசா, அதாவது கென்யாவில் போன் வழியாகவே பணம் அனுப்பி எடுக்கிற சேவை, தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்குக் கீழே யாராவது விளக்குவார்கள்.

2009. கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை. பெர்மிட் கைக்கு வராததால் வங்கியில் கணக்குத் திறக்க முடியவில்லை. காண்ட்ராக்டர் சம்பளத்தை போனுக்கே அனுப்பிவிடுவார். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்த சிம் ஒன்றுதான் எனக்கு பாஸ்புக், பீரோ எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை, கிபூயே சந்தை. பச்சை பெயின்ட் அடித்த எம்-பெசா ஏஜென்ட் பெட்டிக்கடை, கம்பி வலைக்குப் பின்னால் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். 12,000 ஷில்லிங் எடுக்க வேண்டும். போனில் மெனுவுக்குள் போய் ஏஜென்ட் எண், தொகை, ரகசிய எண் எல்லாம் தட்டினேன். என் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது. இருப்பிலும் 12,000 குறைந்துவிட்டது. அவள் போனுக்கு மட்டும் வரவில்லை.

பணத்தை எண்ணி வைத்துவிட்டாள். பழுப்பு நிற ஆயிரம் ஷில்லிங் நோட்டுகள், பன்னிரண்டு. வைத்த கையோடு உள்ளங்கையை விரித்து அதன்மேல் அழுத்திக்கொண்டாள். "ங்கோஜா கிடோகோ" என்றாள். கொஞ்சம் பொறு. என் போனை வலைக்குள் நீட்டிக் காட்டினேன். பார்த்தாள், தலையசைத்தாள், கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் தன் போனை அணைத்து அணைத்துப் போட்டாள். ஏரிப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் சாயங்காலத்துக்குள் வாடகை கேட்டிருந்தார்.

ஆலைப் பையன்கள் முதல் வாரத்திலேயே எனக்கு சுவாஹிலி கற்றுக்கொடுத்திருந்தார்கள். எந்த ஊரிலும் முதலில் கற்றுக்கொடுப்பது வசவுதானே. அதில் ஒன்றை எடுத்து விட்டேன். "ம்வீஸி." திருட்டுப் பயல், திருட்டுச் சிறுக்கி, இரண்டுக்கும் அங்கே ஒரே சொல்தான். சத்தமாகவே சொன்னேன்.

கென்யாவில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். சந்தையில் அந்தச் சொல் கேட்டால் கூட்டம் விசாரணை எல்லாம் வைக்காது. கல்லடியும் டயர் போட்டு எரிப்பதும்தான். எனக்கு அப்போது தெரியாது. 2008 ஜனவரியில் தேர்தல் கலவரம் நடந்த ஊர் வேறு. எரிந்த கடைகளின் கரி இன்னும் சில சுவர்களில் இருந்தது. தக்காளிக் கூறு போட்டிருந்த அம்மா எழுந்து நின்றாள். சுற்றிலும் பேச்சு நின்றுவிட்டது. போடாபோடா என்கிற வாடகை சைக்கிள்காரர் இரண்டு பேர் ஸ்டாண்ட் போட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்தாள். நோட்டின் மேல் இருந்த கை நடுங்கியது. அப்போதும் எடுக்கவில்லை.

அவள் போன் சிணுங்கியது. கையை எடுத்தாள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். பணத்தை வாங்கிக்கொண்டு மழையில் நடந்தேன். அந்தக் கை மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வன்னிப்பூ:

அண்ணா, படித்ததும் மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. நான் எழுதப்போவது சின்ன விசயம்.

இலங்கையில், பரந்தனில் நாங்கள் இருந்த நேரம், 2014. அம்மாவின் வங்கிப் புத்தகம் இடப்பெயர்வில் போனது போனதுதான், திரும்ப எடுக்க அவர் போகவே இல்லை. மூத்தண்ணா கொழும்பிலிருந்து ஈஸி கேஷில், அதுவும் போனுக்கே காசு வருகிற சேவைதான், காசு போடுவார். சந்தியில் ரீலோட் போடுகிற கடையில் மாற்றுவோம். அம்மாவுக்கு போனின் சின்ன எழுத்து தெரியாது. போனைக் கடைப் பெடியனிடம் நீட்டிவிட்டு இரகசிய இலக்கத்தை வாயால் சொல்வார். ஒன்று, ஒன்பது, எட்டு, ஒன்பது என்று சொல்லமாட்டார். "ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொன்பது" என்று வருசமாகத்தான் சொல்வார், கடை முழுக்கக் கேட்கும்படி. அது சின்னண்ணா பிறந்த வருசம். 2009இல் காணாமல் போனவர். கடையில் நிற்கிற எல்லாருக்கும் அது தெரியும்.

ஒருநாள் நான் பேசிவிட்டேன். "என்னம்மா நீங்கள், இப்பிடிச் சத்தமாச் சொன்னால் ஆரும் காசை எடுத்துப்போடுவினம்." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போனபோது பெடியனின் காதுக்குக் கிட்டக் குனிந்து மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு எப்போதும் மெதுவாகத்தான். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கம்பாலா கணக்கர்:

கரிசல், மன்னிக்கவும், அந்தப் பெண் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அவள் கையை எடுத்திருந்தால்தான் தப்பு. உங்கள் பதிவில் 'மெசேஜ் வந்துவிட்டது' என்று அழுத்துகிறீர்கள். உங்கள் போனில் இருக்கும் மெசேஜ் அவளுக்கு எதற்கு?

நான் கம்பாலாவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதினேன். கடை வாசலில் மஞ்சள் குடைக்குக் கீழே ஒரு மொபைல் மணி ஏஜென்ட் பையன் உட்கார்ந்திருப்பான். அவன் வரவு செலவையும் சாயங்காலம் நானே சரிபார்ப்பேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏஜென்டுக்கு இரண்டு மடி. ஒன்றில் நோட்டு, இன்னொன்றில் போனில் இருக்கும் மின்பணம். நீங்கள் காசு எடுத்தால் நோட்டு குறையும், மின்பணம் ஏறும். காசு போட்டால் நேர்மாறு. இரண்டும் சேர்ந்ததுதான் 'ஃப்ளோட்'. சம்பள நாளில் எல்லாரும் எடுப்பார்கள், நோட்டு வற்றும். பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் ஃபீஸ் அனுப்ப எல்லாரும் போடுவார்கள், மின்பணம் வற்றும். இரண்டு மடியையும் சமன் செய்ய ஒரு நாளைக்கு மூன்று முறை போடாவில், அங்கே வாடகை பைக், வங்கிக்கு ஓடுவான். கிடைக்கிற கமிஷன் சில்லறைதான். தன் போனில் மின்பணம் ஏறாமல் 12,000 நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அது அப்புறம் ஏறாமலே போனால்? கம்பெனியா கொடுக்கும்? அவள் கையை விட்டுத்தான் போகும். போலி மெசேஜைக் காட்டிக் காசு வாங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

என் அனுபவம் என்றால் இதுதான். 2018 ஜூலை 1 முதல் உகாண்டா அரசு மொபைல் மணிக்கு 1 சதவீதம் வரி போட்டது. அந்த வாரம் ஒரு பெரியவர், அங்கே முசேய் என்பார்கள், மகன் அனுப்பிய 50,000 ஷில்லிங்கை எடுக்க வந்தார். முழுசாக எடுக்க முடியாது, வழக்கமான கட்டணத்தோடு வரியும் போகும் என்று பையன் சொன்னான். குறைத்துப் போட்டு எடுத்துக் கொடுத்ததை மூன்று முறை எண்ணினார். ஒவ்வொரு முறையும் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, கடைசி நோட்டுக்கு அப்புறம் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தார். "யார் எடுத்தது?" என்றார். பையன் வாய் திறக்காமல் கடைக்குள் செய்தி வாசித்துக்கொண்டிருந்த ரேடியோவைக் கைகாட்டினான். பெரியவர் ரேடியோவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நவம்பரில் பணம் எடுப்பதற்கு மட்டும் வரி என்று ஆக்கி அரை சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்குள் ஊரில் பாதிப் பேர் பழையபடி டாக்ஸி டிரைவர் கையில் பணம் கொடுத்தனுப்ப ஆரம்பித்திருந்தார்கள்.

கரிசல்காட்டான்:

கணக்கர் ஐயா, அவள் தப்பு என்று நான் எங்கே எழுதினேன்? மறுபடி படியுங்கள்.

டார் வாசி:

எல்லாரும் கனமாகப் போட்டிருக்கிறீர்கள், என்னுடையது காமெடி. டார் எஸ் சலாம். ஒரு மத்தியானம் போனில் மெசேஜ்: உங்களுக்கு 85,000 ஷில்லிங் வந்துள்ளது, புதிய இருப்பு 12,40,000. அடுத்த நிமிஷமே ஒருவன் அழைக்கிறான். "சகோதரா, தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டேன், அம்மா ஆஸ்பத்திரியில், திருப்பி அனுப்பு." குரலில் அப்படி ஒரு அழுகை. நானும் ஒரு கணம் நம்பி மெனுவைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் அந்த இருப்பைப் பார்த்தேன். அன்று காலை என்னிடம் இருந்தது 3,400. பன்னிரண்டு லட்சம் எல்லாம் அந்த சிம் கண்ணால் கண்டதில்லை. பார்த்தால் மெசேஜும் சாதாரண எண் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. "தம்பி, உன் 85 ஆயிரத்தைத் தருகிறேன், மீதிப் பதினொன்றரை லட்சத்தையும் எனக்கு வரவழைத்துக் கொடு" என்றேன். இரண்டு வினாடி மௌனம். பிறகு அவன் சிரித்தான் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "சாவா, சாவா" என்று சொல்லி வைத்துவிட்டான். சாவா என்றால் அங்கே 'சரி'. முதல் மாதம் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிப்போடும்.

ஓய்வுபெற்ற தபால்காரன்:

அன்பர்களுக்கு வணக்கம். 34 வருடம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மணியார்டர் பட்டுவாடா செய்தவன். எங்கள் காலத்தில் பணத்தை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுபோய் எண்ணிக் கொடுத்துக் கைநாட்டு வாங்கினோம். ரகசிய எண்ணும் கிடையாது, வலையும் கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாக ஒரு பணப் பரிமாற்றக் கவுன்ட்டருக்குப் போனேன். மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய பணம். அவன் 'முத்துலட்சுமி கருப்பையா' என்று எழுதிவிட்டான். அம்மாவின் அடையாள அட்டையில் 'கா. முத்துலட்சுமி'. கருப்பையா யார் என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். "என் வீட்டுக்காரர்" என்றார். அட்டையில் கா இருக்கிறதே என்றார்கள். "அது எங்க அப்பா, காளிமுத்து" என்றார். பணம் தரவில்லை.

ஆகவே அனைவரும் கவனிக்க. நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் முதல் எதிரி. அனுப்புகிறவரிடம் உங்கள் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பி, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். செல்லப்பெயர், புகுந்த வீட்டுப் பெயர் எதுவும் கூடாது. தப்பாகிவிட்டால் பதற வேண்டாம், அனுப்பியவர் அங்கே போய்த் திருத்தலாம். அனுப்பியவருக்குப் பரிமாற்ற எண் ஒன்று கொடுப்பார்கள். அதைப் பேருந்தில் போனில் சத்தமாகப் படித்துக் காட்டாதீர்கள். கவுன்ட்டரில் அனுப்பியவர் பெயர், எந்த நாடு, எவ்வளவு என்று கேட்பார்கள், தெரிந்துகொண்டு போங்கள். கைக்கு ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் தருவார்கள், அதற்கு மேல் என்றால் காசோலை அல்லது கணக்கு. ஒரு தடவைக்கு 2,500 டாலர், பணம் வாங்குகிற ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 30 தடவை என்பது ரிசர்வ் வங்கி விதி. மாதத்துக்கு மூன்று முறை பிய்த்துப் பிய்த்து அனுப்புகிறவர்கள் வருடக் கடைசியில் மாட்டிக்கொள்வார்கள். கவுன்ட்டரை விட்டு நகருமுன் எண்ணுங்கள். வன்னிப்பூ அவர்களே, பிறந்த வருடத்தை ரகசிய எண்ணாக வைப்பது மிகவும் ஆபத்து. உடனே மாற்றிவிடவும்.

டார் வாசி:

ஐயா, இங்கே பேச்சு போனில் வரும் பணத்தைப் பற்றி. நீங்கள் ஒரு கையேடே போட்டுவிட்டீர்கள். அந்த அம்மாவுக்குக் கடைசியில் பணம் கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஓய்வுபெற்ற தபால்காரன்:

கிடைத்தது, நான்காம் நாள். மகன் பெயரைத் திருத்தினான். அந்த நான்கு நாளும் அந்த அம்மா, செத்துப்போன அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

வன்னிப்பூ:

ஐயா, நான் அறிவுரை கேட்கவில்லை. அம்மா போய் மூன்று வருசம். சிம் என்னிடம்தான் இருக்கிறது. இலக்கத்தை மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன்.

கம்பாலா கணக்கர்:

கரிசல், நான் கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். ஒரு கேள்வி. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடம் போனீர்களா? மன்னிப்பு ஏதாவது கேட்டீர்களா?

கரிசல்காட்டான்:

மறு மாதம் போனேன். 'சமஹானி', மன்னித்துவிடு, என்று சொல்லப் பழகிக்கொண்டுதான் போனேன். என் முறை வந்தது. என்னைப் பார்த்ததும், நான் வாய் திறக்குமுன், "ஃப்ளோட் ஹகுனா" என்றாள். காசு இல்லை. வலை வழியாக மேசை டிராயர் பாதி திறந்திருந்தது தெரிந்தது, ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளோடு. சரி என்று நகர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்றவருக்கு எண்ணிக் கொடுத்தாள்.

பஸ் நிற்கும் இடத்தில் இன்னொரு பச்சைக் கடை இருந்தது. மீதி எட்டு மாதமும் அங்கேதான் எடுத்தேன்.