ஜிசிப் வேகத்தை வைத்துச் சிப்பை எடைபோடலாமா?

முனையவாசி:
லினக்ஸ் போட்ட 16 கோர் ரைசன் டெஸ்க்டாப்பிலும் ஃபேனே இல்லாத எம்1 மேக்புக் ஏரிலும் ஒரே லாக் கோப்பை ஜிசிப் கட்டளையால் சுருக்கினேன். ஏர் தெளிவாக முந்திக்கொண்டது. கமாண்ட் லைன் வேலைக்கு எம்1 போன்ற ஆர்ம் வகைச் சிப்தான், சந்தேகமே இல்லை.

பைட்பாண்டி:
நீங்கள் ஒப்பிட்டது சிப்பை மட்டும் இல்லை. லினக்ஸில் இருப்பது குனு திட்டத்தின் ஜிசிப். சுருக்கும் வேலைக்கு அதற்குச் சொந்த நிரல் உண்டு. மேக்கோடு வருவது பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழி வந்தது, ஸீலிப் என்ற சுருக்க நூலகத்தை வைத்து ஓடுவது. பெயர்தான் ஒன்று. அப்புறம், குனு ஜிசிப் ஒரு கோரில்தான் ஓடும். மீதி 15 கோர் சும்மா கிடக்கும். ஜிசிப் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிக்ஸீ (pigz) போட்டு ஓட்டுங்கள், எல்லா கோரும் வேலைக்கு இறங்கும். முடிவு தலைகீழாகும்.

முனையவாசி:
நான் தினமும் அடிப்பது ஜிசிப், அப்புறம் உரையை மாற்றவும் பிரிக்கவும் உதவும் செட் (sed), ஆக் (awk). எல்லாம் ஒரு கோர் சமாச்சாரம். காத்திருப்பது நான்தானே? ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் எனக்குக் கணக்கு.

பைட்பாண்டி:
சரி, அதையே ஒழுங்காக அளந்து பாருங்கள். ஒரே பதிப்பின் மூலநிரலை இரண்டிலும் கம்பைல் செய்யுங்கள். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். டிஸ்க்கிலிருந்து படிக்கும் நேரம் அதில் கலந்திருக்கும், அடுத்த முறை கோப்பு பெரும்பாலும் ரேமிலேயே இருக்கும். நேரம் அளக்கும் 'டைம்' கட்டளை காட்டும் வரிகளில் ரியல் (மொத்தம் கடந்த நேரம்) அதிகமாகவும் யூசரும் சிஸ்ஸும் (ப்ராசஸர் உழைத்த நேரம்) குறைவாகவும் இருந்தால், ப்ராசஸர் உழைக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

தாமரை:
ஒரே மூலநிரல் என்பதும் முழு நியாயம் இல்லை, பாண்டி. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியின் சிப்பில், குறியாக்க வேலைகளை வேகமாகச் செய்யும் கிரிப்டோ கட்டளைகள் கிடையாது. 2023-இல் வந்த பை 5-இல் உண்டு. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கைப் போட்டால், அது சிப்பைப் பார்த்து அந்தக் கட்டளைகளை எடுத்துக்கொள்ளும். பை 5 எங்கேயோ போய்விடும். சாதாரண சி நிரலாக ஓட்டினால் அவ்வளவு இடைவெளி தெரியாது. அந்தக் கட்டளைகளுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம்? அவற்றை ஒதுக்கிவிட்டு அளந்தால் அது எந்த சிப்பின் வேகம்?

பைட்பாண்டி:
ஏற்கிறேன். ஆனால் அதை "எஸ்எச்ஏ-வில் வேகம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஜிசிப்பிலும் அதே மடங்கு முந்தும் என்று யாரும் நம்பி வாங்கிவிடக் கூடாது.

முனையவாசி:
மேக்கிலும் குனு ஜிசிப்பையே கம்பைல் செய்து பார்க்கிறேன். ஆனாலும் ஃபேன் இல்லாத லேப்டாப் ஒன்று டெஸ்க்டாப்போடு மல்லுக்கு நிற்பதை நீங்கள் இருவரும் கண்டுகொள்ளவே இல்லை.

பைட்பாண்டி:
பிக்ஸீயைச் சில நிமிடங்கள் விடாமல் ஓட்டுங்கள். சூடு ஏறியதும் ஏர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், பேசலாம்.